பார்க்காதபோது சோலைமலை

கேமரா மாட்டுகிறவன் ஏணியோடு வந்தாலே ஊர் சட்டையைச் சரிசெய்துகொள்ளும். கேமரா மாட்டுகிற இதே பிழைப்பில் கிடக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? நான் குவாண்டம் இயற்பியல் படித்துவிட்டுக் காரைக்குடியில் கேமரா மாட்டுகிறேன். ரெண்டும் ஒரே பாடம்தான் என்று வீட்டில் சமாளித்து வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூர் போன்

பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு. சொந்தக்காரர் மெய்யம்மை ஆச்சி சிங்கப்பூரில். காவலுக்கு இருக்கும் சோலைமலை அண்ணன் பகலெல்லாம் தூங்குகிறார் என்று யாரோ ஆச்சியிடம் வத்தி வைத்துவிட்டார்கள். நிஜமென்றால் வேலை போய்விடும். ஆச்சி சொல்லி முன்வாசலில் கேமரா மாட்டினேன். அன்றிலிருந்து மனுஷன் அதன் முன்னால் விறைத்து நிற்கிறார்.

எலக்ட்ரானும் இப்படித்தான், இரண்டு துளையில் எது வழியாகப் போகிறதென்று கருவி வைத்துப் பார்த்தால் திரையில் வேறு கோலம் போடும் என்று ஆச்சிக்குப் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி தம்பி. நாம பாக்காதப்ப அவரு எப்புடி இருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க."

முற்றத்துத் தண்ணீர்

பெரிய பெரிய விஞ்ஞானிகளே முழிக்கிற கேள்வி. நான் யோசிப்பதற்குள் மழை வந்துவிட்டது. பின்முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற தூம்பை இலை அடைத்து, ஆத்தங்குடிக்கல் பதித்த கூடம் முழுக்கத் தண்ணீர்.

முன்பென்றால் தூங்கி எழுந்தாவது போய்த் தூம்பைக் குத்திவிடுவாராம். இப்போது கேமராவை விட்டு நகரவில்லை. ஏன் அண்ணே என்றேன். மகள் சிவகங்கையில் காலேஜ் படிக்கிறாள், இந்தச் சம்பளம்தான் ஃபீஸ் என்றார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அங்குட்டுப் போனா நான் இல்லைன்னு ஆயிரும்ல தம்பி?"

எலி

வெட்கத்தோடு கேமராவின் பதிவுப் பெட்டியைத் திறந்தேன். ஒரு மாதம் முன்பே வயரை எலி கடித்திருக்கிறது. முதல் வாரத்துக்குப் பிறகு ஆச்சியும் போனில் படத்தைத் திறக்கவே இல்லை என்று பதிவு காட்டியது. எலக்ட்ரான் மாற, பார்க்க ஓர் ஆள் வேண்டாம், கருவி பட்டாலே போதும் என்பார்கள். இங்கே ஆளும் பார்க்கவில்லை, கருவியும் செத்துவிட்டது. அண்ணன் மட்டும் கால் வீங்க நின்றிருக்கிறார்.

எலி வயரைக் கடித்ததையும் சொல்லி, தண்ணீர் ஏறியது என் கேமராவால் என்று ஆச்சியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னார்: "அவரு வேலையில இருக்கட்டும். வயரை ஒட்ட வேணாம், பாக்க எனக்கு ஏது நேரம்? தூம்புக்கு நேரா இன்னொண்ணும் வயரில்லாம அப்புடியே மாட்டிருங்க, அவருகிட்ட சொல்லிராதீக."

செத்த கேமரா இரண்டுக்கும் நடுவே அண்ணன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார், அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாதவன் இப்போது நான் ஒருத்தன்தான்.