மின்சாரம் இல்லாத நேரத்து அளவுகள்

ஒருவர்மீது குற்றம் சொல்லி மேலிடத்துக்கு எழுதுமுன் அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். பதில் தர அவகாசமும் தர வேண்டும். இந்த விதியை நான் பிறருக்கு எடுத்துக்காட்டாத மாதம் என் பணிக்காலத்தில் இருந்ததில்லை.

பாலக்கோட்டுக்கு வெளியே தக்காளித் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் அளவீட்டு நிலையம். நான் நிர்வாக அலுவலர். அளவெடுத்தவர் ஒப்பந்தத்தில் வந்த தொழில்நுட்பர். ரேடியோ அலையை நேர்மேலே அனுப்பினால், வெகு உயரத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கில் பட்டுத் திரும்பும். பொழுது சாயும் நேரத்தில் அந்த அடுக்கு விறுவிறுவென மேலேறும். திரும்பும் அலையின் அதிர்வெண் இம்மியளவு குறையும். அதைக் கொண்டு அடுக்கு ஏறும் வேகத்தையும், வேகத்தைக் கொண்டு அங்குள்ள மின்புலத்தையும் கணக்கிடலாம்.

“தொப்பூர் எறக்கத்துல லாரி ஹாரன் அடிச்சிக்கிட்டே நம்மளத் தாண்டிப் போவுதில்லிங்க, போவயில சத்தம் தடிக்குமே, அதேதானுங்க சார்” என்பார். இவ்வளவு எளிதாக விளக்குகிறவரை நம்பலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவருடைய பதிவேட்டில் ஒரு மாலைகூட விடுபடவில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கம் மாலையில் மின்சாரம் நிற்காத வாரம் கிடையாது. என் வீடும் அதே லைனில் இருந்ததால், நின்ற நேரங்களை யாரும் கேட்காமலே குறித்துவைத்திருந்தேன். ஒத்துப்பார்த்தேன். மின்சாரம் இல்லாத மாலைகளிலும் அளவுகள் இருந்தன.

“நேத்து சாயங்காலம் கரண்டே இல்லையே, வேலை எப்படி?” என்று கேட்டேன்.

“அது பாட்டுக்கு நடந்துச்சிங்க சார்” என்றவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அளவுகளை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று முடிவுகட்டித் தலைமையகத்துக்கு எழுதினேன். அவருடைய ஒப்பந்தம் ரத்தாயிற்று. அந்த அளவுகளையும் நீக்கிவிட்டார்கள்.

“ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் லாரி மெக்கானிக் பாய் வந்தார். “சார், எங்க பேட்டரி ஒண்ணு உங்க பீரோவுக்குப் பின்னால கெடக்குதுங்க. கரண்ட் போனா மிசின ஓட்டிக்கிறேன்னு தம்பி வாங்கியாந்தாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இல்லாத சாமான் உள்ள வந்தா மெமோ குடுப்பீங்களாமே. டீ ஃபிளாஸ்குக்கே வாங்கினாராம்.”

கொடுத்திருந்தேன். மெமோவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தவறு என்னுடையது என்று தலைமையகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். ஓய்வு பெற்ற பிறகும் அனுப்பினேன். அந்தத் தொழில்நுட்பர் இப்போது தக்காளி மண்டியில் கிரேடு பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி எழுதியிருப்பதாகச் சொன்னபோது, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “போடுங்க சார். காப்பி வெச்சிக்குங்க” என்றார்.

அந்தப் பணிக்கு வயது வரம்பு உண்டு. அவருக்கு அது ஜூலை முப்பத்தொன்றுடன் முடிகிறது என்பதை ஒவ்வொரு கடிதத்திலும் அடிக்கோடிட்டிருந்தேன்.

கடைசியில் பதில் வந்தது. அதே மாலைகளில் தெற்கே வேறொரு நிலையம் எடுத்த அளவுகளோடு இவருடையவை ஒத்துப்போவதால் ஏற்கப்பட்டன. வயது வரம்புக்கு உட்பட்டு அவரை மீண்டும் பணியமர்த்த ஆட்சேபணை இல்லை. கடிதம் என் கைக்குக் கிடைத்தது ஆகஸ்ட் நான்காம் தேதி, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.