செமிகோலன் சாரின் நாற்பது வரிகள்

லாரி எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனியில் அவருக்கு செமிகோலன் சார் என்றுதான் பெயர். வரிக்கு வரி செமிகோலன் வைத்து முடிக்கும் சி என்ற கணினி மொழியைத் தவிர, இருபத்தெட்டு வருடமாக வேறெதையும் தொட்டதில்லை. அடுத்தவன் எழுதியதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான்.

இப்பேர்ப்பட்ட வாய்க்கு வீட்டில் பேச ஆளில்லை. மனைவி கண்ணை மூடி நான்கு வருடம். ஒரே மகள் வேறு ஊரில். அவள் கல்யாணத்தன்று எங்கோ ஒரு எடைமேடை மக்கர் பண்ணுகிறதென்று ஆபீசிலேயே உட்கார்ந்துவிட்டார் மகானுபாவர். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் போனை எடுத்தாலே சண்டை. "உனக்குப் பேச வேண்டாம்ப்பா, ஜெயிக்கணும்" என்று அவள் ஒருநாள் வைத்ததுதான். ஒன்றரை வருடமாயிற்று.

மகளும் அதே தொழில். அதனால் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்றுக்கொண்டு, அங்கே எழுதுவதை இங்கேயும் இங்கே எழுதுவதை அங்கேயும் காட்டும் ஒரு சின்ன புரோகிராம். தன் கணினியின் முகவரியையும் அதற்குள் நுழைவதற்கான போர்ட் எண்ணையும் அவளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினார்: "போன்ல கத்திடறேன். இதுல எழுதினா யோசிச்சுப் பதில் சொல்லுவேன். வாம்மா."

"பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

ஆபீசில் அவர் எழுதிய சர்வர் புரோகிராம் ஒரே நேரத்தில் ஐம்பது எடைமேடைகளோடு பேசும். வீட்டுக்கு அந்த ஆர்ப்பாட்டம் எதற்கு? வரப்போகிறவள் ஒருத்தி. ஒருத்தரை ஏற்றுக்கொள், அவர் போனபிறகு அடுத்தவரை ஏற்றுக்கொள் என்று நாற்பது வரியில் முடித்துவிட்டார். அதே கணினியில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, தானே இணைந்து சோதித்தார். "அப்பா" என்று அடித்தார். திரையில் "அப்பா" என்று வந்தது. பாவம், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்காருவார். சந்தேகம் வரும்போதெல்லாம், திறந்தே கிடந்த அந்தச் சோதனை ஜன்னலில் "இருக்கீங்களா?" என்று கேட்டு, இந்தப் பக்கம் வந்து "இருக்கேன்" என்று தனக்குத்தானே பதில் அடிப்பார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அவள்தான் வரவில்லை. ஒற்றைத் தட்டைக் கழுவி வைக்கும்போது கோபம் பொத்துக்கொண்டு வரும், அப்புறம் அழுகை வரும்.

பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. "போதும்டா சாமி" என்று சோதனை ஜன்னலை மூடினார்.

அடுத்த நொடியே திரையில் வேறொரு கணினியின் முகவரி தெரிந்தது.

"அப்பா, இருக்கியா? பதிலே காணோமே. சரி, நாளைக்கு வரேன்."

அந்த இணைப்பு முடிந்தது. உடனே இன்னொன்று.

"கோவம் இன்னும் போகலையா? எனக்குப் போயிடுச்சுப்பா."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த ஒரே இடத்தை இத்தனை நாளாக அவருடைய சோதனையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வந்தவளைக் கணினி வரிசையில் நிறுத்தி, அவள் எழுதியதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறது. அவள் பக்கம் இணைந்துவிட்டதாகத்தான் காட்டியிருக்கும். அப்பா வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை என்றுதானே நினைத்திருப்பாள்! அடப்பாவி மனுஷா, வேறொருவன் இப்படி எழுதியிருந்தால் சும்மா விட்டிருப்பீரா?

மூன்றாவது இணைப்பு: "சனிக்கிழமை நாலு மணிக்கு உங்க ஊர் ஸ்டேஷன்ல வண்டி மாறறேன். முக்கால் மணி நேரம் இருப்பேன். வா. பேரனைப் பார்க்க வேண்டாமா?"

பேரனா? சனிக்கிழமை நேற்று. ஸ்டேஷன் பத்து நிமிட நடை. நேற்று லீவு என்பதால் மத்தியானத்திலிருந்தே இந்தத் திரையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது: "அந்த வண்டியை விட்டுட்டு அடுத்த வண்டி வரைக்கும் பார்த்தேன். இனிமே எழுதமாட்டேன்ப்பா."

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

போனை எடுத்தார். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அடித்து, மூன்றாவதில் பிடித்தார்.

"என்ன?" என்றாள். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"அம்மாடி, நீ எழுதினதெல்லாம் இப்பத்தான் என் கண்ணுல பட்டுது. தப்பு என்மேலதான். முழுக்க என்மேலதான்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்பவே கிளம்பறேன்" என்றார்.

"நீ வர்றதுக்குள்ள அவன் தூங்கிடுவான்."

"தூங்கட்டும். முழிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கேன்."