ஓட்டைச் சங்கின் தோழி

“இந்த ‘ஓட்டைச் சங்கே’ங்கிறது யாரு போட்டது?” என்று அக்கா கேட்டார்.

எங்கள் முதல் பேச்சு அதுதான். நான் மொழிபெயர்த்த மாயக்கதை நாவலை ஒலிநூலாக வாசிக்க வந்திருந்தார். சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க என்னையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நான்தான் போட்டேன் என்றேன். மூலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வெறும் ‘தோழியே’தான், தமிழில் அது நாடக வசனம் போலிருந்ததால் செல்லத் திட்டாக மாற்றினேன் என்றேன்.

“உனக்கு யாரு சொன்னா அந்தப் பேரை?”

யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது என்றேன். அக்கா தாளில் அந்தப் பேரை விரலால் தொட்டார்.

“அவ அப்படித்தான். சொல்லாம கொள்ளாம வருவா.”

யார் அவள் என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அக்காவுக்குச் சம்பள வேலை மின்சாரப் புகார் அறையில். கரண்ட் போனவர்களிடம் தெருப்பெயர் கேட்டு, திட்டு வாங்கி, ஆள் வருவார் என்று சொல்லும் வேலை. பக்கத்து நாற்காலிக்காரிதான் அந்தத் தோழி. இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஊரார் ஏச்சைக் கேட்கிறாயே ஓட்டைச் சங்கே, வேறு எங்காவது போய் ஊது என்று குரல் தேர்வுகளுக்கு விரட்டியவள் அவள். அக்கா தேர்வுக்குப் போன மதியங்களில் அவருடைய அழைப்புகளையும் தோழியே எடுத்தாள், ஆஸ்துமா இழுப்போடு. அக்காவின் குரல் நான்கு இடங்களில் கேட்கத் தொடங்கிய வருஷம் தோழி செத்துப்போனாள்.

நாவலின் கதையும் ஏறக்குறைய அதுதான். ஒருத்தி மந்திரம் சொல்வாள்; அதற்கு விலையாகத் தோழியின் மூச்சு கொஞ்சம் கரையும். மந்திரக்காரிக்கு நாடே நடுங்கும் அளவுக்கு அதிகாரம் சேர்ந்த நாளில், தோழியிடம் ஒரு வரி பேசும் மூச்சுதான் மிச்சமிருக்கும்; அதைச் சொன்னதும் உயிர் போகும்.

அக்கா ஒவ்வொரு பாத்திரத்தையும் உடம்பில் ஓரிடத்தில் வைத்திருப்பார். மந்திரக்காரிக்கு முகவாயைத் தூக்குவார். தோழிக்கு இடது கையை நெஞ்சில் வைப்பார். பாத்திரம் செத்துவிட்டால் அந்தக் குரலை மறுபடி தொடமாட்டார். அது அவருடைய கண்டிப்பு.

கூடத்தில் பதிவு செய்பவரை எல்லோரும் ‘கத்தரி’ என்பார்கள். வாசிப்பவர்களின் மூச்சொலியை வெட்டி எடுப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். ஒருநாள் அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். தோழியின் வரிகளுக்கு முன்னால் மட்டும் மெல்லிய விசில் போல ஓர் இழுப்பு கேட்டது. மந்திரக்காரியின் வரிகளில் அது இல்லை.

“அக்காவுக்கு ஆஸ்துமா கிடையாதும்மா. இதை வெட்டினா மறுபடி போட்டுக் கேக்கறப்ப திரும்ப இருக்கு. என் கத்தரி மொண்ணையாயிடுச்சா, இல்ல உள்ள ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தனியாக இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். வீட்டில் வாசித்துப் பழகும்போதும் இதே கதை என்றார் அக்கா. ஒரு பெண்டாட்டியையே சமாளிக்க முடியவில்லை, அடுப்படியில் இன்னொருத்தி வேறா என்று அவர் கணவர் கேட்டாராம்.

கடைசி அத்தியாயம் வந்ததும் வேலை நின்றது. அக்கா முதலில் தொண்டைக் கட்டு என்றார், பிறகு தலைவலி. பதிப்பாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனியும் இழுத்தால் வேறொருவரை வைத்து முதலிலிருந்து பதிவு செய்வோம் என்று சொல்லியனுப்பினார். அப்படிச் செய்தால் அக்கா வாசித்தது முழுவதையும் அழித்துவிடுவார்கள், அந்த இழுப்பையும் சேர்த்து. வாசித்தால் தோழி செத்துப்போவாள். அப்புறம் அந்தக் குரலை அக்கா தொடமுடியாது.

மறுநாள் அக்கா வந்தார். வெந்நீர் குடித்தார். கடைசி அத்தியாயம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்து, ஒரு வரிக்கு முன்னால் நிறுத்தினார்.

ஒலிநூல் வெளிவந்த பிறகு, தோழியின் கடைசி வரி மட்டும் யாரோ கூச்சக்காரப் பெண் படித்தது போலிருக்கிறது, பதிவில் கோளாறா என்று சிலர் எழுதிக் கேட்டார்கள். பதிப்பாளர் என்னைக் கேட்டார். கோளாறில்லை என்று மட்டும் சொன்னேன்.

அந்த வரிக்கு முன்னால் நிறுத்திய அன்று, அக்கா நெஞ்சிலிருந்த கையை எடுக்காமல் கண்ணாடி வழியாக என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனேன். அந்தச் சின்ன அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று ஏற்கெனவே போட்டிருந்தது. அதில் உட்காராமல் நின்றுகொள்ளச் சொன்னார். தாளில் மிச்சமிருந்த ஒரு வரியை விரலால் காட்டினார்: ‘போய் வரேன்டி, ஓட்டைச் சங்கே.’

“இதை மட்டும் நீ சொல்லிடும்மா,” என்றார். “அவ வாயால இதைச் சொல்ல வைக்காதே.”