அபிப்பிராயப் புத்தகத்தில் ஒரு வரி

கொடைக்கானலுக்குப் போய் அந்த ஓட்டலில் சாப்பிடாமல் திரும்பினால் போனதே வீண் என்று மதுரையில் சொல்வார்கள். துரைமார் காலத்து ஓட்டல். ஐம்பதுகளின் கடைசியில், நல்ல ஜலதோஷத்தோடு அங்கே சாப்பிடப் போனேன்.

பரிமாறிய பேரர் நெடிய மனிதர். வெள்ளைத் தலைப்பாகை, நரைத்த மீசை. ஒவ்வொரு தட்டையும் வைக்குமுன் அதன் அடியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். சூடெல்லாம் சரிதான், சூப்பில் உப்பில்லை, கறியில் ருசியில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் குனிந்து, "நாங்க குடிக்க வச்ச ரசம் இருக்குங்க. பூம்பாறைப் பூண்டு போட்டது. கொண்டாரட்டுமா?" என்றார்.

மூன்று கோப்பை குடித்தேன். இனாம் கொடுத்தால் வாங்கவில்லை. "வெளிய சொல்லிக்கிட வேண்டாங்க" என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது அபிப்பிராயப் புத்தகத்தில், 'இங்கே சாப்பிடத் தகுந்தது, பேரர் தம் பங்கிலிருந்து கொடுத்த பூண்டு ரசம் ஒன்றுதான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவருக்கு நல்லது செய்வதாக எண்ணம்.

அடுத்த சீசனில் வேறொருவர் பரிமாறினார். பழையவர் எங்கே என்று கேட்டேன். பெயர்கூடத் தெரியாததால் மீசையைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அவரை அப்பவே நிப்பாட்டிட்டாங்க சார். யாரோ புத்தகத்துல எழுதிட்டுப் போயிட்டாங்க."

எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. புதியவர் வைத்த தட்டு ஆறிப்போயிருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

புறப்படும்போது அதே புத்தகத்தை நீட்டினார்கள். 'சாப்பாடு பிரமாதம்' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.