கடலடிச் சட்டமும் எங்கள் தெருப் பாவும்

பெரியப்பாவை எனக்கு எப்போதுமே பிடிக்காது. செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பார்கள். எழுதத்தான் போகிறேன்.

ஆரணியில் அப்பாவுக்கு ஒரே தறி. நெசவுக்கான நீளவாட்டு இழைகளான புதுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிய வேண்டும். எங்கள் வாசலில் தொடங்கினால் பக்கத்திலிருந்த பெரியப்பா வீட்டைத் தாண்டித்தான் பாவு முடியும். இதற்கு எங்கள் தெருவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. பாவு நீண்டுவிட்டால் வாசல் தெளிக்க வந்தவள்கூட வாளியோடு ஒதுங்கி நிற்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவோடு சொத்துப் பாகத் தகராறு முற்றி, பெரியப்பா தன் வாசலுக்கு நேரே தெருவில் இரண்டு கருங்கல்லை நட்டுவிட்டார். பாவு போடாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பா இன்னொருத்தர் வீட்டில் கூலிக்கு உட்கார வேண்டியதுதான்.

நான் அப்போது சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தவள் மண்டையில் எழுபத்தாறில் வந்த கடல் எல்லைச் சட்டம் புதுசாக ஏறியிருந்தது. கரையிலிருந்து நிலம் கடலுக்கடியில் சரிந்துகொண்டே போகிறதே, அந்தக் கண்டத்திட்டில் உரிமை நம் நாட்டுக்கு மட்டும்தான். அங்கே கிடக்கும் எண்ணெயையும் தாதுவையும் நம் அனுமதியில்லாமல் எவனும் தொட முடியாது. ஆனால் வேறு நாட்டான் அதன்மேல் தந்திக் கம்பி போட வந்தால் நாம் தடுக்கக் கூடாது. தெருப் பெரியவர்கள் நாலு பேரை உட்காரவைத்து இதைத்தான் முழங்கினேன். அவ்வளவு பெரிய அரசாங்கமே வழிவிடும்போது கல் நட இவர் யார் என்று கேட்டேன்.

பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"வக்கீலம்மா, ஒரு சந்தேகம். அந்தக் கம்பி போடறவன் எந்த வழியா போடறதுன்னு நம்மள கேட்டுகினு போடறானா, அவன் இஷ்டத்துக்குப் போடறானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்குத் தெரியும்? படித்த திமிர், சரியான பதிலையே சொன்னேன்.

"வழிக்கு நம்ம அரசாங்கம் சம்மதிக்கணும்."

"அப்ப கேக்கணும். ஒங்கப்பன் ஒரு நாளாவது என்னைக் கேட்டுக்கிறானா?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். கல்லைப் பிடுங்கிவிட வேண்டும், ஆனால் ஒவ்வொரு பாவுக்கும் தம்பி அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று முடிவானது. கேட்காமலே நடந்துகொண்டிருந்ததை அவர் தயவாக மாற்றிக்கொடுத்தது என் வாய்தான்.

அப்பா போய்க் கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. மறுநாள் வீட்டில் விசேஷம் என்றார். மூன்றாம் நாள் ஆளையே காணோம், படவேட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாராம். நான்காம் நாள் அப்பா பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் பழக்கமில்லாத ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கூடவே நானும் போனேன்.

அந்த வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். நான் பாவின் ஒரு முனையைப் பிடித்தேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனிமே எனக்கோசரம் எங்கியும் பேசாத."

பாக வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது நான் வக்கீலாகியிருந்தேன். அப்பா வேறொரு வக்கீலை வைத்துக்கொண்டார்.