அம்மா தலையசைத்த நாள்

அம்மாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்து இந்த நினைவுமலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகனின் வணக்கம்.

அம்மா பண்டசோழநல்லூரில் பிறந்து, பாகூர் ஏரிப் பாசனத்தில் அரைக்காணி நிலம் வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கூப்பிட்ட வேலைக்கெல்லாம் அம்மா போனார். இரண்டு கறவை மாடுகளையும் வைத்துக்கொண்டு எங்களைப் படிக்க வைத்தார். வீட்டுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டுவார். வெளியாள் முன்னால் மட்டும் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க மாட்டார். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தவறியபோது, பேப்பர் திருத்தியவன் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவந்தவர் அவர்.

கொரோனா தடுப்பூசி வந்த நேரம், வீட்டில் விவரம் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர். என் விவரமெல்லாம் போனில் வந்த வாய்ஸ் மெசேஜ்கள்தான். எங்கள் கீழ்த்தெருவில் ஒருவர் ஊசி போட்ட நாலாம் நாள் மாரடைப்பில் இறந்தார். அவருக்கு முன்பே நெஞ்சுவலி இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊசிதான் காரணம் என்று பத்துப் பேருக்குச் சொன்னேன். எத்தனையோ டாக்டர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னதைச் சந்தேகப்பட்டேன். முகம் தெரியாத ஒருவன் போனில் பேசியதை நம்பினேன்.

அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை.

"மாட்டுக்கு வருஷா வருஷம் கோமாரி ஊசி போட்டுக்கினு வரோம். அதுக்கு இன்னாடா ஆயிடுச்சி? நானும் போட்டுக்கிறேன்டா" என்றார்.

"மாடும் நீயும் ஒண்ணாம்மா? சும்மா இரு" என்று அடக்கிவிட்டேன்.

எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்சம்மா தடுப்பூசிப் பெயர்ப்பட்டியலோடு வீடு வீடாக வந்தார். அம்மாவுக்குப் போட்டாச்சா என்று கேட்டார்.

"தங்கச்சி வூட்டுக்குப் போனப்பவே போட்டுக்கினாங்க" என்று கூசாமல் சொன்னேன்.

நர்சம்மா அம்மாவைப் பார்த்தார். தவிடு பிசைந்த கையோடு நின்றிருந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார். நர்சம்மா தெருவைத் தாண்டியதும் எனக்கு நல்ல திட்டு விழுந்தது. ஆனால் மறுநாள் போய் உண்மையைச் சொல்ல அம்மாவும் ஒப்பவில்லை. மகன் பொய்யன் ஆகிவிடுவான் அல்லவா!

இரண்டு மாதத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கத் தொடங்கியதும் நர்சம்மாதான் ஆம்புலன்சுக்குப் பேசினார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர், "தடுப்பூசி போட்டிருக்கா?" என்று கேட்டார். அந்த நிலையிலும் அம்மா ஆமாம் என்று தலையசைத்தார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். போடல. நான்தான் போட வுடல" என்றேன்.

"எதுக்குடா எல்லார் எதிர்லயும் இத சொல்ற?" என்றார் அம்மா.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஐந்தாம் நாள் அம்மாவின் உடலைப் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஊசி போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "கட்டாயம்னு சொல்ல முடியாதுப்பா. பொழைக்க வாய்ப்பு அதிகம்" என்றார். அந்த வாய்ப்பைத்தான் நான் அம்மாவிடமிருந்து பறித்தேன். விதி என்று சொல்லி என்னைத் தேற்றிய பெரியவர்களின் அன்புக்கு நன்றி. ஆனால் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வாசல் பக்கம் வரவே ஊர் பயந்த நாட்களில் மாடுகளுக்குத் தீனி போட்டுப் பால் கறந்த எதிர்வீட்டு அண்ணிக்கும், ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு காத்துக்கிடந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நர்சம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கருமாதியன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். "சர்ட்டிபிகேட்ட காட்டுங்கன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்பா" என்று அழுதார்.

அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் வெயிலில் நடந்து எங்கள் வாசல் வரைக்கும் வந்தார். திருப்பி அனுப்பியவன் நான்.