றிம்சானும் இளஞ்சிவப்பும்

மருதமுனையில் றிம்சானைச் சந்தைக்கு அனுப்பினால் தக்காளி மட்டும் வாங்காதே என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மீன் தெரிந்தெடுப்பதில் கெட்டிக்காரன். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே, கண்ணையும் சதையின் இறுக்கத்தையும் வைத்து நல்லது கெட்டதைச் சொல்லிவிடுவான். தக்காளி என்று வந்தால் மட்டும் பையில் பாதி காயாக இருக்கும். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை அம்ஹா அதைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "காக்கா ஊறுகாய் போட வாங்கி வந்திரிக்கார்" என்பாள். அவனும் சிரித்துவிடுவான். தனக்குச் சாமான் பார்த்து வாங்கும் பொறுமை இல்லை என்றே அவன் நினைத்திருந்தான். உடுப்பு விசயத்திலும் அப்படித்தான். உம்மா கைருன்னிஸா எடுத்து வைப்பதைப் போட்டுக்கொண்டு போவான்.

உயர்தரப் பரீட்சை முடிந்து சம்மாந்துறையில் இருக்கும் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கு இடம் கிடைத்தபோது, இரசாயனவியல், கணினி விஞ்ஞானம், கணிதம் என்று மூன்று பாடங்களை எடுத்தான். கணினி விஞ்ஞானம் வேலை கிடைக்கும் என்பதற்காக எடுத்தது. இரசாயனவியல் ஆசைக்கு எடுத்தது. சவர்க்காரம் ஏன் நுரைக்கிறது, கடற்கரை வீடுகளின் யன்னல் கம்பி ஏன் இப்படித் துருப்பிடிக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்து விளக்கம் சொல்லுவான். பள்ளிக்கூட வான் ஓட்டும் வாப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பெயின்ட் அடிச்சாச் சரி" என்று கையைக் கழுவப் போவார்.

முதல் வருடத்து ஆய்வுகூடத்தில் அவனுக்குச் சோடியாக வந்தவள் காரைதீவுக் கிருசிகா. அதிகம் கதைக்கமாட்டாள். கையில் எடுத்த கண்ணாடிக் குழாயைக் கழுவித் துடைத்து வைக்காமல் அடுத்த வேலையைத் தொடமாட்டாள். அன்றைக்கு நியமிப்பு, அமிலத்தின் செறிவை அளக்கும் பரிசோதனை. கூம்புக் குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டும் பினோப்தலீன் சில துளி. மேலே பொருத்திய அளவிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறமில்லாத திரவம் மெல்லிய இளஞ்சிவப்பாகும் அந்தச் சொட்டிலேயே குழாயைப் பூட்டிவிட வேண்டும். றிம்சான் குடுவையை அழகாகச் சுழற்றிக்கொண்டே விட்டான். விட்டுக்கொண்டே இருந்தான்.

"றிம்சான், நிப்பாட்டுங்க. எப்பவோ மாறிட்டு."

"இன்னும் மாறல்லயே."

கிருசிகா குடுவையைப் பார்த்தாள். பீற்றூட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. பகிடி விடுகிறானோ என்று அவன் முகத்தையும் பார்த்தாள். பகிடி இல்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டிக் குழாயைப் பூட்டினாள். அடுத்த முறை அவள் "இப்ப" என்றாள், அவன் பூட்டினான். அளவு சரியாக வந்தது.

மத்தியானம் கன்டீனில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டாள்.

"கோவிக்காம ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"நீங்க இருக்கிற கதிரையும் நான் இருக்கிற கதிரையும் ஒரே நிறமா?"

றிம்சான் எழும்பி நின்று இரண்டையும் பார்த்தான். "ஓம். ஏன்?"

"உங்கட சிவப்பு. இது கடும் பச்சை."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஃபோனை எடுத்துத் தேடினாள். புள்ளி புள்ளியாக வட்டங்கள் போட்ட படங்களைக் காட்டினாள். அவள் அதற்குள் இலக்கங்களை வாசித்தாள். அவனுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. தேத்தண்ணி ஆறிப்போனது. எத்தனை வருடத்துத் தக்காளி அந்த நேரத்தில் அவன் மனதில் வந்து போனதோ தெரியாது.

வீட்டுக்குப் போனபோது உம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினான்.

"உம்மா, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டாத்தான் தெரியுது."

உம்மா கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும் மனெ."

"தெரியுமா?"

"ஒண்ட பெரிய மாமாக்கும் அப்பிடித்தான். நீ சின்னதில மரம் கீறினா இலைக்கெல்லாம் மண்கலர் அடிப்பாய். அப்பவே எனக்கு விளங்கிட்டு."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லி என்ன செய்ய? குறை எண்டு மனசில உளுந்திருமே எண்டு பயந்தன். அதான் உடுப்ப நானே எடுத்து வெச்சன்." கையைக் கழுவிவிட்டு அவனைப் பார்த்தாள். "இதால படிப்ப உட்டுருவாயா?"

இது தாய் வழியாகத்தான் பிள்ளைக்கு வரும் என்று பஸ்ஸில் வரும்போது வாசித்திருந்தான். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "இல்ல உம்மா" என்று மட்டும் சொன்னான். அது முழு உண்மையும் இல்லை. அடுத்த வருடத்தோடு இரசாயனவியலைக் கைவிட்டு மற்ற இரண்டு பாடங்களோடு போய்விடலாம் என்று பஸ்ஸிலேயே பாதி முடிவெடுத்திருந்தான்.

வகுப்பில் கிருசிகாவின் "இப்ப" இருந்தது. செய்முறைப் பரீட்சையில் அது இருக்காது. ஒவ்வொருவரும் தனித்தனி மேசையில் நிற்க வேண்டும். கிருசிகாவுக்கும் அது தெரியும்.

"விரிவுரையாளரிட்டச் சொல்லுங்களன்" என்றாள்.

"சொன்னா, நீ கெமிஸ்ட்ரிக்குச் சரிவரமாட்டாய் எண்டு சொல்லுவார்."

"அவர் சொன்னாப் பிறகு பாப்பம். நீங்களே உங்களுக்குச் சொல்லாதீங்க."

அந்தப் பருவத்தில் கணினி விஞ்ஞானத்துக்கு ஆளுக்கொரு சிறு கருவி செய்து, அதற்கு நிரலும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. மற்றவர்கள் தானாக எரியும் மின்குமிழ், பூச்சாடிக்குத் தண்ணீர் விடும் பம்பு என்று தெரிவு செய்தார்கள். றிம்சான் அதுவரை ஆசையில்லாமல் படித்த பாடம் அது. அன்றைக்குத்தான் முதல்முறையாக விரிவுரை முடிந்தும் எழும்பாமல் இருந்தான். இளஞ்சிவப்புத் திரவம் பச்சை வெளிச்சத்தை விழுங்கும் என்று இரசாயனவியலில் படித்திருந்தான். குடுவைக்கு ஒரு பக்கம் சின்னப் பச்சை விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை அளக்கும் உணரி. வெளிச்சம் சட்டென்று குறைந்தால் மணி அடிக்க வேண்டும். கடையில் வாங்கிய விளக்கு பச்சைதானா என்று அம்ஹாவிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டான்.

எல்லோருக்கும் முன்னால் செய்துகாட்டிய நாளில் அது மானத்தை வாங்கியது. யாரோ யன்னலைத் திறந்தார்கள், வெயில் விழுந்தது. மேகம் மறைக்க மணி அடித்தது. மேகம் போக நின்றது. மறுபடி அடித்தது. குடுவையில் இன்னும் ஒரு சொட்டும் விழவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. றிம்சான் வயரைப் பிடுங்கிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.

அடுத்த கிழமை கிருசிகா பெரிய பிஸ்கட் தகரப்பேணி ஒன்று கொண்டு வந்தாள். உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தாள். "இதுக்க வையுங்க. வெயில் வராது."

வைத்தார்கள். மேலே குடுவையின் கழுத்துக்கு ஓட்டை வெட்டினார்கள். அன்றைக்கு மணி அடித்த அளவும், பக்கத்தில் வேறு குடுவையில் கிருசிகா கண்ணால் பார்த்து "இப்ப" என்று பூட்டிய அளவும் ஒன்றாகவே வந்தன. இன்னொரு தரம் செய்தார்கள். அப்போதும் அப்படியே.

பேணியைத் தூக்கிக்கொண்டு இரசாயனவியல் விரிவுரையாளர் புண்ணியமூர்த்தியின் அறைக்குப் போனான். பாடமாக்கி வைத்திருந்த வசனமெல்லாம் வாசலில் மறந்துவிட்டது.

"சேர், எனக்கு இளஞ்சிவப்புத் தெரியா. இது பாத்துச் சொல்லும்" என்றான்.

புண்ணியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நாளும் எப்பிடிச் செய்தீங்க?"

"கிருசிகா சொல்லுவா."

"அத எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபமில்லை, கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அவனை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய், அவன் பேணியோடு செய்ய, பக்கத்து மேசையில் தானும் செய்தார். இரண்டு அளவையும் வைத்துப் பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் பேணியைக் கொண்டுவரத் துறையில் கதைத்து அனுமதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். எடுத்தும் தந்தார்.

பரீட்சை நாளில் பேணி தன் வேலையைச் சரியாகச் செய்தது. மணிச் சத்தத்தில் திடுக்கிட்ட பக்கத்து மேசைக்காரன்தான் தன் குடுவைக்குள் தேவைக்கு மேலே ஊற்றிவிட்டான். அவனை மறுபடி செய்ய விட்டார்கள். வெளியே வந்ததும் றிம்சான் அவனிடம் மன்னிப்புக் கேட்டான். அவன், "அந்தச் சாமான எனக்கும் ஒண்டு செஞ்சு தா" என்றான். றிம்சானுக்கு நடுத்தரமான பெறுபேறுதான் வந்தது. வீட்டில் உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தாள். காரைதீவில் கிருசிகா வீட்டுக்கும் ஒரு பாத்திரம் போனது.

இரசாயனவியலையும் விடாமல் பட்டம் முடித்து, இப்போது பொத்துவிலில் ஒரு பாடசாலையில் கணினி ஆசிரியராக இருக்கிறான். கிருசிகா கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். பெருநாளைக்கும் பொங்கலுக்கும் தவறாமல் ஃபோன் எடுத்துக் கதைப்பார்கள். றிம்சான் பொத்துவில் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்த வருடமே அங்கிருந்த இரசாயனவியல் ஆசிரியை இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். அதிபர் தயங்கித் தயங்கி, புதியவர் வரும் மட்டும் அந்த வகுப்பையும் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"ஏலும் சேர்" என்றான் றிம்சான், அவர் கேட்டு முடிக்கு முன்னால்.

முதல் செய்முறை வகுப்பில் மேலங்கியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றான். "எனக்குச் சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியா. நிறம் மாறினா நீங்கதான் சொல்லணும்" என்றான்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அளவியிலிருந்து சொட்டு விழத் தொடங்கியது. ஒருத்தி மாறிவிட்டது என்றாள். இன்னொருத்தி, அது அவளுடைய பர்தாவின் நிழல் என்றாள். பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்து, இன்னும் ஒரு சொட்டு விட வேண்டும் என்றான். றிம்சான் குழாயில் கையை வைத்தபடி, அவர்கள் சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வரும் மட்டும் சந்தோசமாகக் காத்துக்கொண்டு நின்றான்.